எழுந்து சிரிக்கிற ஷாட்

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு எங்கேயோ போய்விட்டது. மாடியில் துணி காய்வதற்குள் லஸ் மெட்ரோ வேலைத் தூசி அத்தனையும் அதன் மேல்.

செய்ய வேண்டியவை:
- சிலிண்டர் புக் பண்ண
- முழங்கால் தைலம் (தீர்ந்து நாலு நாள்)
- பள்ளி அறிக்கை, மூன்று பிள்ளைகள் பாக்கி
- இவருக்குக் கண் சொட்டு மருந்து
- முகிலன் ஸ்கிரிப்ட்

கடைசியைத் தவிர எல்லாம் ஆயிற்று.

முகிலன்: முதல் படம் எடுக்கப்போகிற பையன். முப்பது வயதிருக்கும். கோபாலபுரம் பள்ளியில் வாரம் மூன்று நாள் நான் ஆலோசகராக உட்காருகிற அறைக்கு, போன மாதம் விசாரித்துக்கொண்டு வந்தான். குடும்பப் படம். ஏழு வயதுப் பெண் குழந்தை, அப்பா செத்துப்போகிறார். "குழந்தையோட மனசு சரியா வந்திருக்கான்னு மட்டும் பாருங்க மேடம். தப்புன்னா தப்புன்னு சொல்லிடுங்க." தப்பு என்று சொல்ல எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சரி என்றேன்.

ஆனால் பயம். நம் குடும்பப் படங்களில் அப்பா எப்படிச் சாவார் என்று தெரியாதா. ஜன்னல் படீரென்று அடிக்கும், விளக்கு அணையும், குழந்தை ஒரு கத்து கத்தும், போட்டோவுக்கு மாலை. அடுத்த பாட்டு முடிவதற்குள் அந்தக் குழந்தை வளர்ந்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும். நடுவில் அது என்ன பாடுபட்டது என்று ஒருத்தரும் காட்ட மாட்டார்கள். என் அறைக்கு வருகிற பிள்ளைகள் எல்லாம் அந்தப் பாட்டு ஓடுகிற நேரத்தில் இருப்பவர்கள்தான்.

நாளை கண்டிப்பாகப் படிக்க.

ஜூலை 4, வெள்ளி

படித்தேன். சாம்பார் அடிப்பிடித்தது. இவர் வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போனார், பாவம்.

இந்தப் பையனைப் பற்றி நேற்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

அப்பா ஒரு பங்களாவில் டிரைவர். பின்கட்டில் ஒரே அறை வீடு. நெஞ்சு வலி, போய்விடுகிறார். குழந்தை அழவில்லை. வாசலில் பாண்டி ஆடுகிறது. துக்கம் கேட்க வந்தவர்களிடம் முறுக்கு கேட்கிறது. "கல்லு மனசு, பாரேன்" என்கிறாள் ஒரு சொந்தக்காரி. தினமும் அப்பாவின் கைலியை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறது. காரியம் முடிந்த மறுநாள் அத்தை நல்ல எண்ணத்தில் வீட்டுத் துணியை எல்லாம் துவைத்துப் போடுகிறாள். கொடியில் இருந்து கைலியை இழுத்து மோந்து பார்க்கிறது குழந்தை. சோப்பு வாசனை. அப்போதுதான் உடைகிறது.

அட பாவி. முப்பது வருஷமாக நான் படித்ததை ஒரு கைலியில் வைத்துவிட்டான்.

குழந்தையின் ஒட்டுதல் சொல்லில் இல்லை. வாசனையில், தூக்குகிற கையில், கதவு திறக்கிற சத்தத்தில். பிரிவு வந்தால் முதலில் நம்பாது, தேடும், கோபப்படும். பிறகுதான் சோர்வு. நடுநடுவே விளையாடும். பெரியவர்கள் துக்கத்தில் முங்கிக் கிடப்பார்கள், குழந்தை காலை நனைத்துவிட்டு வெளியே ஓடி மறுபடி வரும். இதை ஆசிரியர்களுக்குப் புரியவைக்க நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒரே ஒரு இடத்தில் சிவப்புக் கோடு போட்டேன். கடைசியில் குழந்தை "அப்பா எனக்குள்ளதான் இருக்காரு" என்கிறது. ஏழு வயதில் எந்தக் குழந்தையும் அப்படிப் பேசாது. ஐம்பத்து நாலில் நானே பேச மாட்டேன்.

ஜூலை 5, சனி

தி.நகர். முகிலனின் அலுவலகம், ஒரு ஜவுளிக்கடைக்குப் பின்னால் இரண்டாவது மாடி. லிஃப்ட் இல்லை, முழங்கால் கதறியது. பாய் விரித்து ஐந்து உதவி இயக்குநர்கள், நடுவில் டீ ஃபிளாஸ்க், பஜ்ஜி. டிஸ்கஷன் என்கிறார்கள். எனக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி.

ஒரு பையன் கேட்டான், "மேடம், குழந்தை அழலன்னா ஆடியன்ஸ் எப்படி அழுவாங்க?" நியாயமான கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் முகிலன், "அது அழாததுனாலதான்டா இவங்க அழுவாங்க. அதுக்குத் தெரியாதது இவங்களுக்குத் தெரியும்ல." நான் இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டேன்.

சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு அந்த வசனத்தை அப்போதே அடித்துவிட்டான். முகம் சுளிக்கவில்லை. பெரிய மனசு. நான் என்றால் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன்.

ஆடி பிறப்பதற்குள் பூஜை போட்டாக வேண்டுமாம். புதன்கிழமை.

ஜூலை 6, ஞாயிறு

மதியம் டிவியில் ஏதோ பழைய குடும்பப் படம். அண்ணன் தங்கை, பிரிவு, ரயில். இவர் சோபாவில் உட்கார்ந்து கைக்குட்டையை நனைத்துக்கொண்டிருந்தார். விளம்பரம் வந்ததும் எழுந்து போய் வேர்க்கடலை எடுத்துவந்தார். படம் தொடங்கியதும் விட்ட இடத்திலிருந்து அழுகை.

எத்தனை வருஷமாகக் கேலி பண்ணுகிறேன். இன்றைக்கு முகிலனின் புண்ணியத்தில் கேட்டே விட்டேன்.

"உங்க அப்பா போனப்ப ஒரு சொட்டு விடலையே நீங்க. இந்தத் தங்கச்சி யாரு உங்களுக்கு?"

"அன்னைக்கு ஐஸ் பெட்டி சொல்லணும், பந்தல் சொல்லணும், எங்கம்மாவுக்கு சுகர் மாத்திரை வாங்கணும். எனக்கு எங்க நேரம்? அப்பப்ப இப்படி அழுதுக்குறேன்."

சொல்லிவிட்டுக் கடலைத் தோலை ஊதினார். இருபத்தெட்டு வருஷக் கல்யாணம். ஊரில் உள்ள பிள்ளைகள் மனசையெல்லாம் கேட்கிற நான், இதைக் கேட்டதில்லை.

படத்தில் வருகிற சாவு இரவல். இரண்டரை மணி நேரத்தில் விளக்குப் போட்டுவிடுவார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வரலாம். அந்தத் தைரியத்தில்தான் இவர் மாதிரி மனிதர்கள் சொந்தத் துக்கத்தைக் கொண்டுபோய் அங்கே இறக்கிவைக்கிறார்கள். ஆலோசகர்கள் எத்தனை பேர் வந்தாலும் இந்த வேலையை இவ்வளவு மலிவாகச் செய்ய முடியாது.

ஜூலை 9, புதன்

பூஜை. கா. 6–7.30 நல்ல நேரம். கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களா, அதன் பின்கட்டு அறைதான் படத்தில் வீடு. காமிராவுக்குச் சந்தனம், குங்குமம், மல்லிகை. பொங்கல் நன்றாக இருந்தது, நெய் தாராளம்.

குழந்தையைப் பார்த்தேன். பவித்ரா. பவி. சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. முகிலன் ஐம்பது பள்ளிக்கூடம் ஏறி இறங்கிக் கண்டுபிடித்தானாம். முன்பல் இரண்டு இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ ஊசி போடுற டாக்டரா?" இல்லை என்றேன். "அப்ப இன்னாத்துக்கு வந்த?" நல்ல கேள்வி.

அம்மா கலா. மீன் மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து தருகிற வேலை. முப்பது கூட இருக்காது. பெரிய பொட்டு, தலை நிறையப் பூ, பட்டுப்புடவை. வீட்டுக்காரருக்குப் பெயின்ட் வேலை, லீவு போட முடியவில்லை என்றாள். குத்துவிளக்கு ஏற்ற முகிலன் குழந்தையின் அம்மாவைத்தான் கூப்பிட்டான். தயங்கித் தயங்கி வந்து ஏற்றினாள். கை நடுங்கியது. கூட்டத்தைப் பார்த்த கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 12, சனி

மா. 4, பவியும் கலாவும் வீட்டுக்கு வந்தார்கள். படப்பிடிப்புக்கு முன்னால் குழந்தை என்னோடு பழகட்டும் என்று முகிலன் ஏற்பாடு. இவர் அதற்காகவே போய்க் குழந்தைக்கு ஜாங்கிரி வாங்கிவந்து, அதில் பாதியைத் தானே தின்றார்.

குறித்துக்கொண்டவை:
- பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் விளையாட்டை விட்டுவிட்டு அம்மாவைத் தொட்டுவிட்டு வருகிறாள். காது மடலைப் பிடிப்பது பழக்கம்.
- அம்மா பாத்ரூம் போனால் கதவு வரைக்கும் கூடவே. வந்ததும் மறுபடி விளையாட்டு.
- யார் கிளம்பினாலும் "எப்ப வருவ?" இஸ்திரிக்காரரிடம் கேட்டாள். பால் கொண்டுவந்தவரிடம் கேட்டாள். இவர் கோயிலுக்குக் கிளம்ப, செருப்பைப் பிடித்துக்கொண்டு, "எத்தினி மணிக்கு வருவ, கரெக்டா சொல்லு." இவர் உருகிவிட்டார்.

கலா அதட்டவே இல்லை. குழந்தை வந்து தொடும்போதெல்லாம், பேச்சை நிறுத்தாமலே, ஒரு கை தானாகப் போய் அதன் முதுகில் படும். எந்தப் பயிற்சியும் இல்லாமல் இப்படி ஒரு தாய். நோட்டில் எழுதினேன்: உறுதியான ஒட்டுதல், பாடப்புத்தகத்திலேயே போடலாம்.

செவ்வாய்க்கிழமை அப்பா இறந்துகிடக்கிற காட்சி. பயப்படுவாளா என்று முகிலனுக்குக் கவலை. அவன் ஒரு வழக்கத்தைச் சொன்னான். படத்தில் ஒருவர் பிணமாக நடித்தால், ஷாட் முடிந்ததும் எழுந்து காமிராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். படத்தில் வராது. ஆனால் அதை எடுக்காமல் எந்த நடிகரும் வீட்டுக்குப் போக மாட்டார். திருஷ்டி, அபசகுனம், என்னவோ. எனக்கு ஒரே சந்தோஷம். யோசித்துப் பார்த்தால் எவ்வளவு புத்திசாலித்தனம். சாவை நடித்த உடம்பை உயிருக்குத் திருப்பிக் கூட்டிவருகிறார்கள்.

"பவியை முன்னாடியே நிறுத்துங்க, அவர் எழுந்து சிரிக்கிறதை அவ நல்லாப் பாக்கட்டும். விளையாட்டுன்னு புரிஞ்சிடும்." இது நான் கொடுத்த யோசனை.

ஜூலை 15, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

அப்பாவாக நடிப்பவர் வேலு, நாடகக்காரர், தங்கமான மனுஷன். நெஞ்சில் கைவைத்துப் படுக்கவைத்திருந்தார்கள். பவி உள்ளே வந்து பார்க்க வேண்டும், பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் சொல்லியிருந்தது. உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வேலுவின் கால் கட்டைவிரலைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். விட்டாள். மறுபடி இழுத்தாள். யாரும் சொல்லித்தரவில்லை. முகிலன் கட் சொல்ல மறந்துவிட்டான். லைட் பிடித்திருந்த ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கைதட்டாத குறை. என்ன நடிப்பு, என்ன நடிப்பு என்று பக்கத்திலிருந்த மேக்கப் பெண்ணிடம் சொன்னேன்.

பிறகு வழக்கப்படி காமிரா ஓடியது. வேலு கண்ணைத் திறந்தார், எழுந்தார், பல் தெரியச் சிரித்தார். யூனிட் முழுக்கக் கைதட்டல், கற்பூரம், பூசணிக்காய். பவியும் சிரித்தாள். ரொம்பச் சிரித்தாள். ஓடிப்போய் வேலுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் என்னவோ சொன்னாள்.

வேலுவின் சிரிப்பு போய்விட்டது. அவளைக் கீழே இறக்கிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"மேடம், இந்தப் பாப்பா என்ன சொல்லுதுன்னு கேளுங்க. எப்டி எந்திரிச்ச, எங்க நைனாக்கும் சொல்லிக் குடுங்குது."

கலாவைத் தேடிப் போனேன். கார் ஷெட் பக்கம் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"அவரு பூட்டாரு மேடம். போன வருசம் சித்திரைல. காமாலை. முத்திப்போச்சுன்னு சொல்லிட்டாங்க."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். குரலும் கொஞ்சம் ஏறிவிட்டது, இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"சொல்லியிருந்தா எம்பொண்ண எடுத்திருப்பாங்களா? மொத படம், பூஜை, அதுல புருசன் செத்தவ முன்னால நிக்கலாமா? எங்க நாத்தனாதான் சொன்னா, பொட்டு வச்சிக்கினு பூ வச்சிக்கினு போ, கம்முனு இருன்னு. வெளக்கு ஏத்தச் சொல்வாங்கன்னு எனக்குத் தெரியுமா மேடம்? கை காலெல்லாம் ஆடிப்போச்சு. படம் ஓடலன்னா எம்மேலதான பயி வரும்."

அவர் இறந்த அன்றைக்கே பவியை நாத்தனார் வீட்டுக்குப் பெரும்பாக்கம் அனுப்பிவிட்டார்களாம். எட்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது சுவரில் படம், மாலை. நைனா எங்கே என்று கேட்டதற்கு, சாமிகிட்ட போயிருக்காரு, சமத்தா இருந்தா வருவாரு. அவ்வளவுதான் சொல்லப்பட்டது. அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை என்றாள் கலா. அழவும் இல்லை.

கேட்காமல் எங்கே இருந்தாள். இஸ்திரிக்காரரிடம் கேட்டாள், பால்காரரிடம் கேட்டாள், என் வீட்டு வாசலில் இவரைச் செருப்போடு பிடித்துவைத்துக் கேட்டாள். நான் அதை நோட்டில் வேறு எழுதி, பாடப்புத்தகத்தில் போடலாம் என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். பதினைந்து மாதமாக ஒரு குழந்தை சமத்தாக இருந்துகொண்டு காத்திருக்கிறது. செத்தவர் எழுந்து சிரிப்பதை அதற்கு முன்வரிசையில் நிறுத்திக் காட்டியது நான்.

ஜூலை 16, புதன்

தலைவலி. பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன். இவர் ரசம் வைத்தார், உப்பு இல்லை.

கலா மேல் எப்படிக் கோபப்பட்டேன். போன வருஷம் என் அக்கா பெண் கல்யாணத்தில், மாலை எடுத்துக் கொடுக்கிற நேரத்தில் அக்கா தானாகவே தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அத்தான் போய் மூன்று வருஷம் அப்போது. பெற்றவள் அவள். எனக்குத் தெரியும், பார்த்தேன். கையைப் பிடித்து முன்னால் இழுத்திருக்கலாம். மைக்செட் சத்தம், கூட்டம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். படித்த நான் பண்ணாததைக் கலா ஒரு பொட்டை வைத்துக்கொண்டு சமாளித்திருக்கிறாள்.

மா. 5, முகிலன் வந்தான். சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். புரொடக்ஷன் ஆட்கள் காதுக்கு விஷயம் போய்விட்டதாம், ஒருத்தர் மறுபடி ஒரு பூஜை போட்டுவிடலாம் என்றாராம்.

"நீ என்ன சொன்னே?"

"பூஜை நல்லாத்தான் நடந்தது, வேலையைப் பாருங்கன்னேன். கலாக்காகிட்டயும் பேசிட்டேன் மேடம். ரிலீஸ் அன்னைக்குத் தியேட்டர்லயும் அவங்கதான் விளக்கு ஏத்தணும்னு சொல்லிட்டேன். அழுதாங்க."

"பவி?"

"அவ சீன் எல்லாம் நிறுத்திட்டேன். நீங்க எப்பன்னு சொல்றீங்களோ அப்ப. வேணாம்னா வேற பொண்ணு பாக்க மாட்டேன், வேற கதை எழுதிக்கிறேன்."

அவன் போன பிறகு இவர் சொன்னார், "இந்தப் பையனை யாரு வளத்தாங்களோ, அவங்களைப் போய்ப் பாக்கணும்." எனக்கும் அதேதான் தோன்றியது.

ஜூலை 19, சனி

ஆடி. தெருமுனை அம்மன் கோயிலில் காலை ஐந்து மணிக்கே ஸ்பீக்கர். கூழ் வாங்கிவந்தார் இவர்.

கா. 11, வேலு போன். அன்றையிலிருந்து தூக்கம் இல்லையாம். "நான் எந்திரிச்சிருக்கக் கூடாது மேடம்." தப்பு என்னுடையது என்று நாலு தரம் சொன்னேன், ஐந்தாவது தரம்தான் போனை வைத்தார்.

மதியம் கலாவும் பவியும். பவி படம் வரைந்தாள். வீடு, கூவம், ஒரு நாய், ஏணி மேல் ஒரு ஆள், கையில் பிரஷ். "எங்க நைனா." நல்லா இருக்கு என்றேன். வேலைக்குப் போயிருக்காரா என்று கேட்டேன். ஏணிக்கு இன்னும் இரண்டு படி போட்டாள்.

கலாவை அடுக்களைக்குக் கூட்டிப்போய்ப் பேசினேன். குழந்தைக்கு நேரான வார்த்தை வேண்டும். செத்துவிட்டார், உடம்பு நின்றுவிட்டது, திரும்பி வர மாட்டார், நீ சமத்தாக இல்லாததால் இல்லை. இத்தனையும் சொல்ல வேண்டும்.

"நீங்க சொல்லுங்க மேடம். நீங்க படிச்சவங்க."

"நான் சொன்னா அது டீச்சர் சொன்ன பாடம் கலா. நீ சொன்னாத்தான் அவளுக்குச் சேதி."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அந்த வார்த்தை எனக்கு வர்ல மேடம். இத்தினி நாளா ஒரு தபா கூட நான் சொன்னதில்ல. உங்ககிட்டகூட பூட்டாருன்னுதான சொன்னேன்."

புதைத்த இடத்தைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை. பொம்பளைங்க போறதில்ல. தெருமுனை வரைக்கும் போய் விழுந்து அழுதிருக்கிறாள், பிறகு உள்ளே இழுத்துவந்துவிட்டார்கள். மச்சாண்டார்தான் (கணவரின் அண்ணன், லோடு வண்டி ஓட்டுகிறார்) அமாவாசைக்கு அமாவாசை போய்ப் பால் தெளித்துவிட்டு வருவார்.

குழந்தை சமாதியைப் பார்க்கவில்லை என்று மனசுக்குள் அடித்துக்கொண்டிருந்தேன். பெண்டாட்டியும் பார்க்கவில்லை. கிளம்பியவரை இவர்கள் ரெண்டு பேரும் வழியனுப்பவே இல்லை.

ஆடி அமாவாசைக்கு அவரோடு போகலாம், நானும் வருகிறேன் என்றேன். வார்த்தை வாயிலிருந்து போன பிறகுதான் உறைத்தது. நானும் போனதில்லை. என் அப்பாவுக்கே போகவில்லை, வாசலோடு சரி.

ஜூலை 22, செவ்வாய்

மழை, ஒரு வழியாக. அரை மணி நேரம்.

மச்சாண்டார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லையாம். ஊர் என்ன சொல்லும், கொழந்த பயந்துக்கும். கலா என்ன சொன்னாள் என்று அவளே போனில் சொன்னாள்: "சினிமால செத்தவரக் காட்டுவாங்களாம், நெசத்துல கூடாதான்னு கேட்டேன் மேடம். செரி, வாங்கன்ட்டாரு." எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவரிடம் இரண்டு தரம் சொன்னேன்.

பவியிடம் நேற்று சொல்லிவிட்டாளாம், நைனாவப் பொதச்ச எடத்துக்குப் போறோம் என்று. "பொதச்சதுன்னா?" என்று கேட்டிருக்கிறது. மண்ணுக்குள்ள வைக்கிறது. "மூச்சு எப்டி வுடுவாரு?" அங்கே கலா பேச்சை மாற்றிவிட்டாளாம். அந்த வார்த்தை இன்னமும் வரவில்லை.

எடுத்துப்போக: தண்ணீர் பாட்டில், பிஸ்கட், குடை, துண்டு. பள்ளிக்குப் பாதி நாள் லீவு.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. இவர் தர்ப்பணத்துக்குக் கடற்கரை. நான் கா. 9க்கு ஆட்டோவில். வெயில் இல்லை, மேகமூட்டம்.

இடுகாட்டு கேட்டில் ஒரு பாட்டி சாமந்தி விற்றுக்கொண்டிருந்தாள். பவி தானே பூ பொறுக்கினாள், மஞ்சள்தான் வேண்டும் என்று. உள்ளே போகக் கால் எழவில்லை, எனக்கும் கலாவுக்கும். நாங்கள் நின்றுவிட்டதைப் பார்த்து மச்சாண்டார் திரும்பி வந்தார். "வாம்மா. ஒன்னும் இல்ல. அல்லாம் நம்ம ஆளுங்கதான்." நல்ல மனுஷன். பவியைத் தூக்கிக்கொள்ளப் போனார். அவள் வேண்டாம் என்று நடந்தே வந்தாள்.

நான் நினைத்திருந்த மாதிரி இல்லை. வேப்பமரம், ஆடு, ஒரு தண்ணீர்க் குழாய். அமாவாசை என்பதால் ஏழெட்டுக் குடும்பம். வேறு பெண்களும் இருந்தார்கள். ஒருத்தி சமாதி மேலேயே டிபன் பாக்ஸைத் திறந்து வடை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக நாங்கள் எதைப் பார்த்துப் பயந்தோம்.

மண் மேடு, சுற்றி நாலு செங்கல், ஒரு சின்னப் பலகையில் பெயின்டில் பேர். கூட வேலை பார்த்தவர்கள் எழுதிக் கொடுத்ததாம், எழுத்து அவ்வளவு அழகு.

பவி எழுத்துக் கூட்டிப் படித்தாள். கு, மா, ர். "எங்க நைனா பேரு." ஆமா என்றார் பெரியப்பா. "தல எந்தப் பக்கம்?" காட்டினார். அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். பூவை வைத்தாள். மண்ணை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தாள். இரண்டாம் வகுப்பு போய்விட்டதைச் சொன்னாள், பல் விழுந்ததைச் சொன்னாள். கலா என் கையை இறுக்கிக்கொண்டு நின்றாள், வளையல் என் சதையில் பதிந்துவிட்டது, இன்னமும் தடம் இருக்கிறது.

பிறகு பவி எழுந்து நின்றுகொண்டு, வாசலில் நின்று கூப்பிடுகிற குரலில், "நைனா" என்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுபடி, இன்னும் சத்தமாக. பக்கத்துக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. மூன்றாம் தரம் கத்தியபோது குரல் உடைந்துவிட்டது. நான் ஒரு அடி எடுத்துவைத்தேன், கலா என்னைப் பிடித்து நிறுத்திவிட்டாள். அவள் செய்ததுதான் சரி.

பவி நின்றாள். மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். திரும்பி அம்மாவிடம் வந்து, காது மடலைப் பிடிக்கவில்லை, முகத்தை நேராகப் பார்த்து, தெரியாத ஒருத்தருக்கு எடுத்துச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா. நைனா செத்துட்டாரு."

கலா மண்ணில் உட்கார்ந்தாள். அவளை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"ஆமாண்டி கண்ணு. செத்துட்டாரு."

ரெண்டு பேரும் அழுதார்கள்.